மயிலம் மழையும் கூகுளின் டேப்பும்

"எல்லாம் மெயில்ல இருக்கு சார்." எந்த அலுவலகத்தில் பழைய கடிதம் கேட்டாலும் இப்போது இந்தப் பதில்தான். சர்வர் எங்கோ பத்திரமாக இருக்கிறதாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை நண்பர்களே.

2011 பிப்ரவரியில் ஜிமெயிலிலேயே, மென்பொருள் பிழை ஒன்றால், பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் இன்பாக்ஸ் காலியானது. சதவீதம் சிறிதுதான், ஆட்கள் பல்லாயிரம். ஒவ்வொரு மெயிலுக்கும் பல டேட்டா சென்டர்களில் நகல் உண்டு. அந்த நகல்களையும் பிழை விடவில்லை. கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? டேப்! நாம் பாட்டுக் கேட்ட கேசட்டின் பெரியண்ணன். எதோடும் இணைக்காமல் தனியே கிடந்ததால் தப்பியது.

2022 நவம்பரில் ரான்சம்வேர் டெல்லி எய்ம்ஸின் சர்வர்களைப் பூட்டியபோதும், தாக்குதலுக்குத் தப்பிய பேக்கப் சர்வரிலிருந்துதான் நோயாளிகளின் பதிவுகளை மீட்டார்கள். அதுவரை பேனாவும் பேப்பரும்தான்.

நம்மூருக்கு வருவோம். 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. கம்ப்யூட்டர் தரைத்தளத்தில், பேக்கப் ஹார்டுடிஸ்க் அதே மேசையின் டிராயரில் என்றால், வெள்ளம் இரண்டையும் சேர்த்துத்தானே நனைக்கும்?

தலைமையாசிரியர்களே, பள்ளி ஜிமெயிலை மாதம் ஒருமுறை இறக்கி எடுங்கள். கூகுள் டேக்அவுட் இலவசம்தான். அந்த ஹார்டுடிஸ்க்கை வேறு கட்டடத்தில், மாடியில் வையுங்கள். அரையாண்டு விடுமுறையில் தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் அதைத் திறந்து, பழைய கடிதம் ஒன்றைத் தேடி எடுத்துப் பாருங்கள். முக்கியமாக, பாஸ்வேர்டு ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக்கூடாது. அடுத்த கலந்தாய்வில் அவர் மாறுதலாகிப் போய்விடுவார்.