ஐ.நா.வில் சொன்னால் தப்பா?

வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டு போகாதேன்னு பெரியவங்க சொல்வாங்க. 2001-ல் தென் ஆப்பிரிக்காவில், டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு நடந்தது. சாதிக் கொடுமையையும் அங்கே பேசணும்னு நம் நாட்டு தலித் அமைப்புகள் கேட்டன. நம் அரசு சம்மதிக்கவில்லை. சாதி வேற, இனம் வேற, இது உள்நாட்டு விஷயம் என்றது.

ஆனால் 1946-ல், சுதந்திரம் வரும் முன்னாடியே, தென் ஆப்பிரிக்காவில் இந்தியர்களை ஒதுக்குறாங்கன்னு ஐ.நா.வுக்குப் புகார் கொண்டு போனது யார்? இந்தியாதான்! (அங்கே இருந்தவங்கள்ல தமிழர்களும் நிறைய பேர்.) அப்போ தென் ஆப்பிரிக்காவும் 'எங்க உள்நாட்டு விஷயம்'னுதான் சொன்னது. மாமியார் உடைச்சா மண்குடம், மருமகள் உடைச்சா பொன்குடமா?

இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1968-லேயே சேர்ந்தாச்சு. பிறப்பை வைத்து ஒதுக்குவதும் அதன்படி தப்பு. சாதியும் அதில் அடங்கும்னு உடன்படிக்கைக் குழு 2002-ல் சொன்னது. அந்தக் குழு யாரையும் ஜெயிலில் போடாது. கேள்விதான் கேட்கும். ஆனால் அரசு எல்லார் முன்னாடியும் பதில் சொல்லணும். பாதிக்கப்பட்டவங்க அமைப்புகளும் தனியா அறிக்கை கொடுக்கலாம். அது பெரிய விஷயம் இல்லையா?

வீட்டு விஷயமாம்! டீக்கடையில தனி டம்ளர் வைக்கிறவங்க வீட்டுக்குள்ளேயா வைக்கிறாங்க? நடுரோட்டுலதானே!

– 9-ஆம் வகுப்பு மாணவி