நேந்திரமும் சூடான காற்றும்

ஏர் ஃப்ரையரில் எண்ணெய் கொதிப்பதில்லை; மேலேயுள்ள கம்பிச்சுருள் சூடாக்கும் காற்றை விசிறி கூடைக்குள் வேகமாகச் சுழற்றுகிறது. பிலிப்ஸ் 2010-இல் அறிமுகப்படுத்திய இக்கருவி, சென்னை பழைய வண்ணாரப்பேட்டையின் நெருக்கமான வீடுகளில் உள்ள சிறிய சமையலறைக்கும் அடங்கும். அதில் சூடான பழ இனிப்பு செய்ய நேந்திரமே முதல் தேர்வு. தோலில் கரும்புள்ளி விழுந்த பழமே வேண்டும். அப்போதுதான் மாவுச்சத்து சர்க்கரையாகியிருக்கும். நீளவாக்கில் பிளந்து, நெய் தடவி, நாட்டுச்சர்க்கரையும் ஏலப்பொடியும் தூவி, 180 டிகிரி செல்சியஸில் 8 முதல் 10 நிமிடம் வைத்தால் விளிம்பு பொன்னிறமாகி, உள்ளே குழைந்துவிடும். ரஸ்தாளி இதற்கு ஆகாது, கூழாகிவிடும். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் காற்று புகாத இடத்தில் பழம் வேகுமே தவிர சிவக்காது. தேங்காய்த் துருவலை இறக்கிய பின்பே தூவ வேண்டும். முன்பே போட்டால் காற்றில் பறந்து கம்பிச்சுருளில் பட்டுக் கருகும்.