ஆயிரம் பேரில் எமது ஊர் எத்தனை பேர்?

அரசாங்கத்தின் செயற்பாட்டை ஏற்றுக்கொள்வோர் 2024 பெப்ரவரியில் 7 வீதம். 2025 பெப்ரவரியில் 62 வீதம். வெரிட்டே ரிசர்ச் நிறுவனத்தின் ‘தேசத்தின் மனநிலை’ கருத்துக் கணிப்பு தந்த இலக்கங்கள் இவை. இடையில் ஜனாதிபதி மாறினார், பாராளுமன்றம் மாறியது, மக்களின் மனமும் மாறியது. இப்படியான இலக்கமொன்று வெளிவந்தால் எமது ஊரின் தேநீர்க் கடைகளிலும் முகநூலிலும் இரண்டு மூன்று நாட்களுக்கு வாதம் நடக்கும். ஆனால் அந்த இலக்கத்துக்குள் நாங்கள் இருக்கிறோமா என்று எவரும் கேட்பதில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாடு முழுவதிலும் ஆயிரம் பேரிடம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைச் சோனகர் நாட்டின் சனத்தொகையில் 9 வீதத்துக்குச் சற்று அதிகம். எனவே ஆயிரத்தில் தொண்ணூறு பேரளவில் முஸ்லிம்கள். அம்பாறை மாவட்டத்தின் சனத்தொகை அப்போது ஏறத்தாழ ஆறரை இலட்சம். அதன்படி மூவினத்தவரும் சேர்ந்து முப்பத்திரண்டு பேரளவில் வருவார்கள். சாய்ந்தமருது பிரதேச செயலகப் பிரிவில் சுமார் 25 ஆயிரம் பேர். ஆயிரத்தில் எமது பங்கு ஒரே ஒருவர். அவரும் வரலாம், வராமலும் போகலாம்.

இது கணிப்பு நடத்துவோரின் குற்றமல்ல. எழுமாறாகத் தெரிவுசெய்த ஆயிரம் பேரைக் கொண்டு முழு நாட்டின் கருத்தையும் மூன்று வீதப் பிழை எல்லைக்குள் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தொண்ணூறு பேரை மட்டும் பிரித்தெடுத்து ‘முஸ்லிம்களின் கருத்து’ என்றால் பிழை எல்லை பத்து வீதமாகிவிடும். முப்பத்திரண்டு பேரை வைத்து ‘அம்பாறையின் கருத்து’ என்றால் பதினேழு வீதம். நன்றாகக் கலக்கிவிட்ட ஆணத்தின் உப்பை ஓர் அகப்பையில் அறியலாம். அடுப்பில் பத்துச் சட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியேதான் ருசி பார்க்க வேண்டும்.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போன்ற அமைப்புகள் சிங்களவர், தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் என்று நான்கு பிரிவாகக் கருத்தறிந்து வெளியிட்டு வந்துள்ளன. அது நல்ல முன்னேற்றம். ஆயினும் ‘முஸ்லிம்’ என்ற அந்த ஒரே நிரலுக்குள் பேருவளை மாணிக்க வியாபாரியும், புத்தளத்தில் குடியேறிய வடபுல முஸ்லிமும், மருதமுனை நெசவாளியும், எமது கரையோர மீனவரும் அடங்கிவிடுகிறார்கள். அரசாங்கத்திடம் இவர்கள் எதிர்பார்ப்பது ஒன்றல்ல.

அடுத்தது கேள்வி. ‘அரசாங்கம் செய்வது சரியா?’ என்பது ஒரு கேள்வி. ‘அரசாங்கத்தின் வேலை எது?’ என்பது வேறு கேள்வி. எனது வகுப்பு மாணவர்களிடம் வரிகளைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டேன். அத்தனை கைகளும் உயர்ந்தன. ஆஸ்பத்திரியில் எல்லா மருந்தும் இலவசமாகக் கிடைக்க வேண்டுமா என்றேன். அப்போதும் அத்தனை கைகளும் உயர்ந்தன. வளர்ந்தவர்களிடம் கேட்டாலும் இதுதான் நடக்கும். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானபோது கொதித்தெழுந்த அதே வீட்டில்தான் அஸ்வெசும கொடுப்பனவு போதவில்லை என்ற பேச்சும் எழுந்தது. இரண்டுமே நியாயமான உணர்வுகள். இரண்டையும் ஒன்றாக வைத்து, ‘இதற்காக எதை விட்டுக்கொடுப்பீர்கள்?’ என்று கேட்கும்போதுதான் உண்மையான கருத்து வெளிவரும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அரசாங்கம் எந்த வடிவில் தம்மை ஆள வேண்டும் என்பதில் சாய்ந்தமருதைப் போல் வெளிப்படையாகப் பேசிய ஊர்கள் இந்நாட்டில் குறைவு. 1987க்கு முன்னர் எமக்குக் கரைவாகு தெற்குக் கிராம சபை இருந்தது. அதன் பின்னர் கல்முனையுடன் இணைக்கப்பட்டோம். தனியான உள்ளூராட்சி சபை வேண்டுமென்று மகஜர் கொடுத்தோம், 2017இல் கடைகளை மூடி ஹர்த்தால் செய்தோம். 2018 பெப்ரவரித் தேர்தலில் பள்ளிவாசலின் ஆதரவோடு தோடம்பழச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழுவுக்கு வாக்குகளை அள்ளிக் கொடுத்தோம். 2020 பெப்ரவரியில் நகர சபையைப் பிரகடனம் செய்து வர்த்தமானி வந்தது. வந்த சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது.

பிறகு நடந்தது இன்னும் விசித்திரமானது. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதி நாட்டின் 341 சபைகளில் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. எல்பிட்டிய பிரதேச சபைக்கு முந்திய ஆண்டிலேயே நடந்துவிட்டது. மீதமிருந்த ஒன்று கல்முனை மாநகர சபை. வழக்குக் காரணமாக அன்று எம்மால் வாக்களிக்க முடியவில்லை. தனிச் சபை கேட்டுப் போராடிய மக்கள், இருந்த சபைக்கும் பிரதிநிதியைத் தெரிவுசெய்ய முடியாமல் நின்றார்கள். வடிகாலுக்கும் குப்பைக்கும் தெருவிளக்குக்கும் அதிகாரியிடம் போகலாம். ஆனால் அவர் எமது வாக்கால் வந்தவரல்லர்.

இவ்வளவு நடந்தும் ஒன்று மட்டும் நடக்கவில்லை. கல்முனை மாநகர எல்லைக்குள் வாழும் மக்களிடம் வீடு வீடாக, முறைப்படி, எழுமாறாகத் தெரிவுசெய்து, ‘எப்படிப்பட்ட உள்ளூராட்சி வேண்டும்?’ என்று கேட்டு அதை அடிப்படையாக வைத்து எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. ஹர்த்தால் ஒரு கருத்துத்தான். பள்ளிவாசல் மஷூராவும் கருத்துத்தான். ஆனால் அவை ஒழுங்கமைந்தவர்களின் குரல்கள். மஷூராவில் எமது பெண்கள் உட்கார்ந்திருக்கவில்லை. மாளிகைக்காட்டுக் கரையில் தோணி தள்ளுபவருக்கு மகஜர் எழுத நேரமில்லை. கல்முனைக்குடி, மருதமுனை, நற்பிட்டிமுனை மக்களுக்கு வேறு அச்சங்கள் உண்டு. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்கும் தமிழ்ச் சகோதரர்களுக்கு அவர்களது நியாயம் உண்டு. 2019 ஜூனில் அதற்காக அவர்கள் உண்ணாவிரதமிருக்க, எதிராக எம்மவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இரு பந்தல்களுக்கும் வெளியே வீட்டில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது.

எனவே இந்தக் கேள்வியைச் சகல சமூகத்தவரிடமும் கேட்க வேண்டும். கட்சிகளும் பள்ளிவாசலும் கோயிலும் கேட்டால் அவரவர் விரும்பும் பதிலே வரும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து இருவருமாகச் செய்தால் எவரும் பக்கச்சார்பென்று சொல்ல முடியாது. பெண்களிடம் பெண்களே கேட்க வேண்டும். வினாக்கொத்தை முன்கூட்டியே வெளியிட வேண்டும். ‘தனிச் சபை வேண்டுமா?’ என்று மட்டும் கேட்கக் கூடாது. தனிச் சபை வந்தால் வருமானம் எங்கிருந்து வரும், வரிப்பணம் கூடினால் ஏற்பீர்களா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எமது மக்களின் மனத்தில் பயமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இவ்வூரில் நடந்ததன் பின்னர் எத்தனை வீடுகள் சோதனையிடப்பட்டன என்பதை நாம் மறக்கவில்லை. அறிமுகமில்லாத ஒருவர் படிவத்தோடு படலையில் நின்று அரசாங்கத்தைப் பற்றிக் கேட்டால், ‘எல்லாம் நல்லம்தான்’ என்றே பதில் வரும். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதப்படாது என்ற உத்தரவாதம் இல்லாத கணிப்பு எமது பயத்தை மட்டுமே அளக்கும்.

இறுதியாக ஓர் எல்லையையும் வகுத்தாக வேண்டும். 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிக்க வேண்டுமென்று வர்த்தமானி வந்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அந்நாட்களில் நாடளாவிய கணிப்பொன்று நடந்து பெரும்பான்மையினர் எரிப்பை ஆதரித்திருந்தாலும் அது நியாயமாகியிருக்காது. ஜனாஸாவை அடக்கும் உரிமை எத்தனை வீதத்தினர் சம்மதிக்கிறார்கள் என்பதில் தங்கியதல்ல. வடிகாலை எந்தச் சபை வெட்டுவது என்பதை மக்களிடம் எண்ணிக் கேட்கலாம், கேட்கவே வேண்டும். ஒரு சமூகத்தின் மார்க்கக் கடமையை அப்படி எண்ணிப் பார்க்க முடியாது. அரசாங்கத்தின் முதல் வேலை இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை அறிந்திருப்பதுதான்.

கல்முனை விவகாரத்தில் அடுத்த வர்த்தமானி எப்போது வந்தாலும், அதற்கு முன்னர் மக்களைக் கேளுங்கள் என்பதே எமது கோரிக்கையாக இருக்கட்டும். பதில் நாம் எதிர்பார்த்ததாக இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும் மனதை அல்லாஹ் எமக்குத் தரட்டும்.