“எனக்கிட்ட ஒளிக்க என்ன இரிக்கு சேர்?”



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடு எழுதுகிறேன், சில இடங்களில் வார்த்தை தடித்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் பெற்றார் குரூப்பில் இருக்கும் ஒருவரின் வட்ஸ்அப் களவு போனது. பெயர் வேண்டாம், ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். “சூம் கூட்டம் ஒண்டு இரிக்கு, உங்கட போனுக்கு ஆறு இலக்கம் ஒண்டு வரும், அத அனுப்புங்க, உள்ளுக்கு எடுக்கிறன்” என்று அவருக்குத் தெரிந்த ஒருவரின் வட்ஸ்அப்பில் இருந்தே செய்தி வந்திருக்கிறது. அந்தத் தெரிந்தவரின் கணக்கு அதற்கு முன்பே களவு போயிருந்தது இவருக்கு எப்படித் தெரியும்? அனுப்பிவிட்டார். பத்து நிமிடத்தில் இவருடைய போனில் இருந்த வட்ஸ்அப் இவரை வெளியே தள்ளிவிட்டது. அரை மணித்தியாலத்தில் இவர் பெயரால், இவர் போட்டோவோடு, எங்கள் எல்லோருக்கும் செய்தி: அவசரமாக ஐம்பதாயிரம் வேண்டும், வங்கி அப் வேலை செய்யவில்லை, பின்னேரம் தந்துவிடுகிறேன்.

இரண்டு பேர் போட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் ஒரு பிள்ளையின் உம்மா. கட்டாரில் இருந்து கணவர் அனுப்பிய மாதக் காசு அது.

அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் ஒரே சிரிப்பு. “படிச்ச மனிசன், கோட்டக் குடுத்திருக்கான் பாருங்க.” நானும் அங்கே இருந்தேன். நானும் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு அந்த மனிசனைப் போய்ப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. அவருக்கு மஃரிபுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் சுபஹு வரைக்கும் யாருக்கும் வாய் திறக்கவில்லை. வெட்கம். அந்தப் பிள்ளையின் உம்மா காசு போட்டது இரவு ஒன்பது மணிக்கு. மஃரிபுக்கும் ஒன்பதுக்கும் இடையில் அவர் ஒரு வொய்ஸ் போட்டிருந்தால் அந்தக் காசு தப்பியிருக்கும். அவரை வாய் மூட வைத்தது யார்? களவாளியா, தேத்தண்ணிக் கடையில் சிரித்த நாங்களா?

இந்த ஊரில் இதைப் பற்றி யாரிடம் பேசினாலும் ஒரே பதில்தான்: “எனக்கிட்ட ஒளிக்க என்ன இரிக்கு சேர்?” இந்த வசனத்துக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு.

உங்களிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை, சரி. களவாளிக்கு உங்கள் இரகசியம் தேவையுமில்லை. அவனுக்கு வேண்டியது உங்கள் பெயர். இருபது வருசமாக நீங்கள் ஊரில் சம்பாதித்த நம்பிக்கை. நீங்கள் கேட்டால் மறுக்காமல் தருவார்கள் என்ற அந்த மரியாதை. பள்ளிவாசல் குரூப்பில் ஜனாஸா அறிவித்தல் போடுகிற அந்தக் கணக்கில் இருந்து “சிறுநீரக நோயாளிக்கு உதவி” என்று ஒரு வங்கி இலக்கம் வந்தால் எத்தனை பேர் விசாரிப்பார்கள்? ஒருவரும் இல்லை. ரமழானில் என்றால் சக்காத்துக் காசே போகும். ஒரு தடவை அப்படி ஏமாந்த ஊர், அடுத்த தடவை உண்மையான நோயாளிக்குக் கையை மூடிக்கொள்ளும். நட்டம் உங்களுடையது மட்டும் இல்லை என்பது அதுதான்.

நாங்கள் என்னவோ பெரிய பெரிய ஹெக்கர்கள் வந்து உடைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியும் உலகத்தில் உண்டு. 2019இல் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள், ஒரு வட்ஸ்அப் அழைப்பின் வழியாகவே ஏறக்குறைய 1400 போன்களைக் குறிவைத்தது. கொல் வந்தால் போதும், எடுக்கவும் தேவையில்லை. ஆனால் அது ஊடகவியலாளருக்கும் மனித உரிமைக்காரருக்கும் கோடிக்கணக்கில் செலவழித்து வைத்த பொறி. வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிற மனிசனுக்கு யாரும் அவ்வளவு செலவழிக்க மாட்டான். எங்கள் வீட்டுக் கதவை அவன் உடைக்கவில்லை. திறப்பைக் கேட்டான், நாங்கள் கொடுத்தோம்.

அந்தத் திறப்பு எது? எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கம். உங்கள் இலக்கத்தை வேறொரு போனில் போட்டு வட்ஸ்அப் திறக்க ஒருவன் முயன்றால்தான் அது உங்களுக்கு வரும். நீங்கள் கேட்காமல் வந்தால், அந்த நிமிடம் யாரோ கதவடியில் நிற்கிறான் என்று அர்த்தம். சூம் கூட்டத்துக்கும் அஸ்வெசுமவுக்கும் புலமைப்பரிசில் பெறுபேற்றுக்கும் அந்த இலக்கத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கேட்பது உங்கள் சொந்த வாப்பாவின் கணக்காக இருந்தாலும் கொடுக்காதீர்கள். கேட்பது வாப்பா இல்லை.

இன்னொரு தந்திரம், இதைப் பலர் அறிய மாட்டார்கள். கொல் எடுத்து, “உங்கட லைன்ல பிழை இரிக்கு, இந்த இலக்கத்த அழுத்துங்க” என்று நட்சத்திரம் நட்சத்திரம் 21 என்று தொடங்கும் ஒன்றைச் சொல்வான். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவனுக்குத் திரும்பிவிடும். பிறகு வட்ஸ்அப்பிடம் “எஸ்எம்எஸ் வேண்டாம், கொல் எடுத்துச் சொல்லு” என்பான். இலக்கம் நேரே அவன் காதுக்குப் போகும், உங்களுக்கு ஒன்றும் வராது. அழுத்திவிட்டீர்களென்றால் உடனே ##002# அழுத்துங்கள், திருப்பிவிட்டதெல்லாம் ரத்தாகும். கல்யாணக் காட் என்று ஏபிகே கோப்பு வந்தாலும் திறக்காதீர்கள். 2024இல் இந்தியாவில் பொலிஸாரே இதற்கு எச்சரிக்கை விட்டார்கள். கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை.

இதுவரைக்கும் சொன்னது சத்தம் போட்டு வரும் களவு. போன் உங்களை வெளியே தள்ளும், உங்களுக்குத் தெரியும். அதிலும் ஒரு ஆறுதல், உங்கள் பழைய உரையாடல்கள் அவன் போனுக்குப் போகாது. குரூப்களும் ஆட்களும்தான் அவன் கையில் மாட்டும். சத்தமில்லாத களவு ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பயம். ‘லிங்க்ட் டிவைசஸ்’. உங்கள் கணக்கை இன்னும் நான்கு கருவிகளில் திறந்து வைக்கலாம். உங்கள் போன் வழமை போல வேலை செய்யும், நீங்கள் வாசிப்பதையெல்லாம் அங்கே இன்னொருவர் வாசித்துக்கொண்டிருப்பார். பழையதிலும் ஒரு பகுதி அங்கே இறங்கும்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். அந்தக் களவுக்குப் பிறகு என் போனில் அந்தப் பகுதியைத் திறந்து பார்த்தேன். ஒரு விண்டோஸ் கணினி. எட்டு மாதத்துக்கு முன் இணைத்தது. எங்கே என்று யோசித்து யோசித்துப் பார்த்தால், தவணைப் பரீட்சைத் தாள் அச்செடுக்க வட்ஸ்அப் வெப் திறந்த ஒரு போட்டோகொப்பிக் கடை. தாளை எடுத்தேன், காசைக் கொடுத்தேன், வந்துவிட்டேன். லொக் அவுட் பண்ணவில்லை. எட்டு மாதமாக என் குரூப்கள், பிள்ளைகளின் உம்மாமாரின் இலக்கங்கள், வருத்தம் என்று அனுப்பிய மருத்துவச் சீட்டின் போட்டோக்கள் எல்லாம் அந்தக் கடை மேசையில் திறந்து கிடந்திருக்கின்றன. கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளை, பார்த்திருக்க மாட்டான் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அந்தக் கதிரையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் குந்துகிறார்கள்?

ஆசிரியர்களே, சிரிக்க வேண்டாம். இதை வாசித்து முடிக்க முதல் உங்கள் போனில் அதைத் திறந்து பாருங்கள். நம்மில் பாதிப் பேரின் கணக்கு ஏதாவது ஒரு கடையிலோ பாடசாலைக் கணினியிலோ திறந்து கிடக்கும். “ஒளிக்க ஒண்டும் இல்ல” என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. எங்கள் போனில் இருப்பது எங்களுடையது இல்லை. நாற்பது வீட்டின் அமானிதம் அது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. மனைவியின் போனை அவள் குளிக்கும் நேரம் எடுத்து, தன் போனில் இணைத்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க வாசிக்கிற ஆண்கள். தங்கச்சியின் போனில் அதைச் செய்கிற காக்காமார். “நம்மட ஊட்டு ஆள்தானே” என்பார்கள். மற்றவரின் மறைவைத் துருவ வேண்டாம் என்று ஹுஜுராத் சூராவில் படித்தவர்கள்தான் இவர்கள். பத்து வயசுப் பிள்ளையின் போனை, பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் பார்ப்பது வேறு. பெரிய மனிசி ஒருத்தியின் போனை அவளுக்குத் தெரியாமல் இணைப்பதும் களவாளி செய்வதும் ஒரே வேலைதான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியில்லாமல் நுழைவதைத்தான் குற்றம் என்கிறது. நுழைந்தவன் புருசனா அந்நியனா என்று பார்த்து எழுதியதில்லை.

எங்களைப் போன்ற ஊர்க்காரருக்கு இதில் காசை விடப் பெரிய பயம் ஒன்றும் உண்டு. 2018 பெப்ரவரி 26 இரவு, பக்கத்து அம்பாறை நகரில், ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறியில் கருத்தடை மாத்திரை என்று ஒரு கதை. கடைக்காரரை மிரட்டி எடுத்த வீடியோ போனுக்குப் போன் பாய்ந்தது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். பிறகு சொல்லி என்ன? இரண்டு வருசம் கழித்து 2020 ஏப்ரலில் ரம்ஸி ராசிக் தன் முகநூல் பதிவு ஒன்றுக்காகக் கைதாகி ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில். தானே எழுதிய, குற்றமில்லாத எழுத்துக்கே இந்த நிலைமை. உங்கள் கணக்கில் இருந்து இன்னொருவன் ஒரு விஷத்தை எழுதி நாலு குரூப்பில் போட்டால், “நான் இல்ல, ஹெக் பண்ணிட்டாங்க” என்று நீங்கள் நிரூபிக்கும் வரைக்கும் எங்கே இருப்பீர்கள்?

வெளிநாட்டில் இருக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. சவூதியில் இருந்துகொண்டு ஊர் இலக்கத்தில் வட்ஸ்அப் பாவிக்கிறீர்கள். சிம் ஊரில் ஒரு லாச்சிக்குள் கிடக்கிறது, ரீலோட் போட்டு எத்தனை மாதமோ. செயலிழந்த இலக்கம் நாளைக்கு வேறொருவருக்கு விற்கப்படலாம். அவர் வட்ஸ்அப் திறந்தால் ஆறு இலக்கம் அவருக்குத்தான் போகும். அவர் களவாளியாக இருக்கவே தேவையில்லை. அதேபோல வாப்பும்மாவுக்கு வட்ஸ்அப் போட்டுக் கொடுத்த பேரப்பிள்ளைகளே, அது யாருடைய சிம்மில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. செட்டிங்ஸில் அக்கவுண்ட், அதில் ‘டூ ஸ்டெப் வெரிபிகேஷன்’. 2017இல் இருந்து இருக்கிறது, நாங்கள்தான் தொடவில்லை. நீங்களே ஒரு ஆறு இலக்கம் வையுங்கள், மின்னஞ்சலும் கொடுங்கள். உங்கள் மின்னஞ்சல், போன் கடைக்காரர் திறந்து தந்து அவரே பாஸ்வேர்ட் வைத்திருக்கும் மின்னஞ்சல் இல்லை. இதைப் போட்டுவிட்டால் எஸ்எம்எஸ் இலக்கத்தைக் கொடுத்து ஏமாந்தாலும் களவாளி அடுத்த கதவில் நிற்பான்.

களவு போய்விட்டதென்றால் அழுதுகொண்டிருக்காதீர்கள். சிம் உங்களிடம்தான் இருக்கிறது. உடனே வட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் இலக்கத்தைப் போடுங்கள், வரும் ஆறு இலக்கத்தைக் கொடுங்கள். கொடுத்த நொடியில் அவன் வெளியே. அவன் தன் பின் இலக்கம் ஒன்றை வைத்திருந்தால் நீங்கள் ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரும், ஆனால் அந்த ஏழு நாளும் அவனும் உள்ளே இல்லை. அந்த நேரமே சாதாரண அழைப்பில் நாலு பேருக்குச் சொல்லுங்கள், குரூப்களில் போடச் சொல்லுங்கள். காசு போனவர் முதலில் வங்கிக்கு, பிறகு பொலிஸுக்கு. இலங்கை கணினி அவசரப் பிரிவான சேர்ட்டின் இலக்கம் 101.

காசு கேட்டு செய்தி வந்தவர் செய்ய வேண்டியது இன்னும் சின்னது. சாதாரண கொல் ஒன்று. வட்ஸ்அப் கொல் எடுக்காதீர்கள், அது களவாளிக்கே போகும். “சந்தேகப்பட்டதா நெனச்சிருவாரோ” என்று கூச்சப்படுகிறோமே, அந்தக் கூச்சத்தின் விலைதான் அந்த உம்மாவின் ஐம்பதாயிரம். எழுத்தையும் கவனியுங்கள். வாழ்க்கையில் ஒரு வசனம் டைப் பண்ணாமல் வொய்ஸ் மட்டுமே அனுப்புகிற மச்சான் திடீரென்று “ஹாய் டியர்” என்று எழுதினால் அது மச்சானா?

கடைசியாக எங்கள் குரூப் விசயம். டூ ஸ்டெப் போட்டதைக் காட்டாத அட்மின்மாரை இந்தக் கிழமை எடுத்துவிட்டேன். மூன்று பேர். அதில் ஒருவர் என் சொந்த மச்சினன், இரண்டு நாளாகச் சலாமுக்கும் பதில் இல்லை. போட்டுக்கொள்ளத் தெரியாதவர்கள் அஸருக்குப் பிறகு போனைக் கொண்டு வீட்டுக்கு வாருங்கள். மச்சினனும் வரலாம்.