கலை மக்களைச் சென்றடைகிறதா?

கலை இன்று உலகப் பொதுவுடைமை ஆகிவிட்டது என்பர் சிலர். இத்தாலியின் வெனிஸ் நகரிலும், 2012 முதல் கேரளத்துக் கொச்சியிலும் நடைபெற்றுவரும் ஈராண்டுக் கலைக்காட்சிகளின் படைப்புகள் நொடிப்பொழுதில் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன; ஆகவே எவர்க்கும் எதுவும் எட்டாததன்று என்பது அவர்தம் வாதம். படம் கைக்கு வருவது வேறு, கலை கருத்துக்கு வருவது வேறு என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

சான்றுக்குத் தொலைவில் செல்ல வேண்டா. கெடாவின் தென்கோடியில் பினாங்கு, பேராக் எல்லைகளைத் தொட்டுக் கிடக்கும் பண்டார் பாருவிலிருந்து ஜார்ஜ்டவுன் சென்று மாலைக்குள் மீளலாம். 1985இல் முதற் பாலமும் 2014இல் இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டபின் பயணம் எளிதாயிற்று. 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற அந்நகரில், 2012ஆம் ஆண்டுக் கலைவிழாவுக்காக லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்காரெவிச் சுவரோவியங்கள் தீட்டினார். ஆர்மேனியன் வீதியில் உண்மையான மிதிவண்டி ஒன்றைச் சுவரோடு பொருத்தி, அதன்மேல் இரு குழந்தைகள் அமர்ந்து செல்வதாக அவர் வரைந்தது பெரும்புகழ் பெற்றது. நுழைவுக் கட்டணம் இன்றிக் கலை தெருவுக்கே வந்துவிட்டது. ஆயினும் நிகழ்வது என்ன? வருவோரிற் பலர் வரிசையில் நின்று, ஓவியத்துக்கு முதுகைக் காட்டித் தம்மைப் படம் பிடித்துக்கொண்டு அகல்கின்றனர்.

இக்குறை கண்ணைப் பழக்காத கல்வியால் விளைந்தது. தோட்டத்து மக்களுக்குக் கலைக்கண் இல்லை எனக் கூறுவோர், விடியலில் கோலமிடும் கைகளைக் காணாதவர். புதுக்கலையைத் தாய்மொழியில் எடுத்துரைப்போரே அம்மக்களுக்கு இல்லை.

அப்பணியை ஏற்கவேண்டிய தமிழாசிரியருலகம் செய்தது யாது? கலைக்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கும் கட்டுரைக்கும் கடன் கொடுத்தது. காரணம் கேட்டால் யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காட்டியது. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டதே, கொடுத்த கடன் திரும்பிற்றா? கவிஞர் பெயர்களை அடுக்கும் மாணவருள், தமிழகத்து அழகன்குளத்தில் பிறந்து, சென்னைக் கலைக்கல்லூரியில் பயின்று, மலேசிய ஓவியராய்ப் புகழ்பெற்ற சையத் தாஜுடின் பெயரை அறிந்தார் எத்துணைப் பேர்?

பொருள் இல்லை என்பது வெறும் சாக்கு. ஓர் ஓவியத்தின் படமும் கால்மணி நேரமும் மூன்று வினாக்களும் போதும். கண்ணிற் படுபவை யாவை? இரும்பு மிதிவண்டியின்மேல் வண்ணக் குழந்தைகளை ஏற்றியது ஏன்? பண்டார் பாருவின் சுவரொன்று கிடைத்தால் அதில் வரையத்தக்கது எது? விடைகளை மாணவர் தமிழில் எழுதட்டும். கலைக்கல்வியும் மொழிக்கல்வியும் ஒருங்கே நிகழும்.

உலகம் படங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவற்றைக் காணும் முறையை வகுப்பறையே தரவேண்டும். தராவிடில், பாலங்கள் எத்தனை அமைந்தாலும், பண்டார் பாருச் சிறுவரும் அச்சுவருக்கு முதுகைக் காட்டும் வரிசையில்தான் நிற்பர்.