மூன்று வாக்குகளில் தோற்றவர்

சிறுபான்மை மொழிகளின் எதிர்காலம் பற்றி இலக்கிய நண்பர்களிடையே பேச்சு எழும்போதெல்லாம் வேல்ஸ் மொழி வந்து நிற்கும். அதன் பின்னாலேயே சாண்டர்ஸ் லூயிஸ் வருவார். நாடகாசிரியர், கவிஞர், விமர்சகர். 1962 பிப்ரவரியில் வேல்ஸ் மொழியின் விதி குறித்து அவர் வானொலியில் ஆற்றிய ஓர் உரைதான் அம்மொழியைக் காப்பாற்றியது என்பார்கள். எழுத்தாளர் பேசினார், மொழி பிழைத்தது! எழுதுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் இதைவிட இனிக்கும் கதை வேறென்ன வேண்டும்? இக்கதையில் குவின்வோர் எவன்ஸுக்கு இடமில்லை. மிஞ்சிப்போனால், 1980இல் பட்டினி கிடந்து சாவேன் என்று அரசை மிரட்டிய கட்சிக்காரர் என்று ஒரு வரி. 'அவர் வெறும் அரசியல்வாதிதானே' என்று முகம் சுளித்த நண்பர் ஒருவருக்கு மறுமொழியாகவே இதை எழுதுகிறோம்.

அந்த 'வெறும்' என்ற சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

எவன்ஸ் 1912இல் தெற்கு வேல்ஸின் துறைமுக நகரான பாரியில் பிறந்தார். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். வேல்ஸ் மொழியைப் பள்ளிப் பருவத்தில் முயன்றுதான் கற்றுக்கொண்டார். அபெரிஸ்ட்வித்திலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் சட்டம் பயின்றவர், இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தார். லாங்காடோக் என்னும் சிற்றூரில் தக்காளி பயிரிட்டுப் பிழைத்தார். 1945இல் பிளைட் கம்ரி கட்சியின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அன்று அக்கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் இல்லை. அடுத்த 21 ஆண்டுகளுக்கும் அதே நிலைதான். 1949 முதல் கார்மார்த்தன்ஷயர் மாவட்ட மன்றத்தில் உறுப்பினராக அமர்ந்து பள்ளிக்கூடம், சாலை என்று பேசிக்கொண்டிருந்தார். இவற்றில் எதைக் கவிதையாக்க முடியும்?

லூயிஸின் வாழ்வோ காவியத்துக்குரியது. 1936இல் பிரிட்டிஷ் வான்படையின் பயிற்சிக்கூடம் ஒன்றை எதிர்த்து இரு தோழர்களுடன் அங்கே தீ வைத்தார், சிறை சென்றார், ஸ்வான்சியில் விரிவுரையாளர் பணியையும் இழந்தார். (மாதச் சம்பளத்துக்கு அஞ்சி வாழும் விரிவுரையாளர் கூட்டத்தைச் சேர்ந்த நாம் அவரை இழித்துப் பேச மாட்டோம்.) ஆனால் 1943இல் தேர்தலில் தோற்றபின் அவர் கட்சி அரசியலை விட்டு ஒதுங்கி எழுத்துக்குள் போய்விட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். எவன்ஸ் 1945இல் தோற்றார். 1950, 1954, 1955, 1959, 1964 ஆகிய ஆண்டுகளிலும், 1966 மார்ச்சிலும் தோற்றார். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்தார்.

எவன்ஸின் மீது சாத்தப்படும் குற்றச்சாட்டுகளில் பெரியது ட்ரவெரின். லிவர்ப்பூல் மாநகராட்சி தன் நீர்த்தேவைக்காக அந்தப் பள்ளத்தாக்கை அணையிட்டு மூழ்கடிக்க முடிவு செய்தது. கேப்பல் கெலின் என்ற, வேல்ஸ் மொழி மட்டுமே புழங்கிய சிற்றூர் அதற்குள் இருந்தது. 1956இல் ஊர் மக்களை அழைத்துக்கொண்டு லிவர்ப்பூல் வீதிகளில் ஊர்வலம் போனார் எவன்ஸ். வேல்ஸ் உறுப்பினர்களின் எதிர்ப்பை மீறி 1957இல் நாடாளுமன்றம் அணைக்கு ஒப்புதல் தந்தது. 1965இல் பள்ளி, தொழுகைக்கூடம், அஞ்சலகம், வீடுகள் எல்லாம் நீருக்கடியில் போயின. மனுவும் ஊர்வலமும் தவிர வேறு வழியறியாத இந்தத் தலைவரால்தான் ஊர் போயிற்று என்று அவருடைய கட்சி இளைஞர்களே கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது. அவர் தோற்றார், இதை மழுப்புவதற்கில்லை. ஆனால் நம் நண்பர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கேப்பல் கெலின் அடங்கிய மெரியோனெத் தொகுதியில் 1959இல் நின்றபோதும் மக்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊரை மூழ்கடிப்பவர்களைச் சபிப்பது எளிது. தன்னைப் புறக்கணித்த அந்த மக்களிடமே திரும்பிப் போய் மறுபடி கதவைத் தட்டுவதற்கு வேறுவகை நெஞ்சுரம் வேண்டும்.

1966 ஜூலை 14 அன்று கார்மார்த்தன் இடைத்தேர்தலில் 2,436 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். நான்கு மாதங்களுக்கு முன் அதே தொகுதியில் மூன்றாம் இடத்தில் இருந்தவர். பிளைட் கம்ரியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர். வேல்ஸ் மொழியில் உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார்; மறுத்துவிட்டார்கள். 1970இல் தோற்றார். 1974 பிப்ரவரியில் மூன்றே மூன்று வாக்குகளில் தோற்றார். அதே ஆண்டு அக்டோபரில் வென்றார். 1979 மார்ச்சில், வேல்ஸுக்குத் தனி மன்றம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் வேண்டாம் என்றார்கள். மே மாதத் தேர்தலில் எவன்ஸின் இடமும் போயிற்று.

இந்த இடத்திலிருந்துதான் 1980ஐப் பார்க்க வேண்டும். வேல்ஸ் மொழிக்கெனத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றைத் தருவதாகத் தேர்தல் அறிக்கையில் வாக்களித்த கன்சர்வேட்டிவ் கட்சி, ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே பின்வாங்கியது. 67 வயதான எவன்ஸ், அக்டோபர் 6 அன்று சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்குவேன் என்று அறிவித்தார். செப்டம்பர் 17 அன்று, உண்ணாவிரதம் தொடங்கும் முன்னரே, மார்கரெட் தாட்சரின் அரசு பணிந்தது. 1982 நவம்பர் 1 அன்று எஸ்4சி ஒளிபரப்பைத் தொடங்கியது.

உயிரைக் காட்டி மிரட்டுவது மக்களாட்சிக்கு அழகா என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. மக்களிடம் எழுதிக் கொடுத்த வாக்கை மீறுவது எந்த அழகில் சேரும் என்பதே நம் மறுகேள்வி. ஆனால் நமக்கு முதன்மையான வினா வேறு. அந்த மிரட்டலை அரசு ஏன் நம்பியது? யார் வேண்டுமானாலும் சாவேன் என்று சொல்லலாம். சொன்னவர் 35 ஆண்டுகள் ஒரே பேச்சைப் பேசி வந்தவர். வன்முறையை எக்காலத்திலும் ஏற்காதவர். தோற்றுத் தோற்றுப் பழகியவர். இவர் செய்துவிடுவார் என்று எதிரிகளுக்கே தெரிந்திருந்தது. தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தைக் கட்டாமல் சிறை செல்வோம் என்று ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள் என்றால், அந்தக் கையெழுத்துகளுக்குப் பின்னால் மழையில் நனைந்துகொண்டு இருபது பேருக்கு நடத்திய எத்தனையோ கூட்டங்கள் இருந்தன. உள்துறை அமைச்சர் வில்லியம் வைட்லாவைச் சந்தித்து முடிவை மாற்றும்படி வற்புறுத்தியவர்களில் வேல்ஸின் பேராயரும் ஒருவர்.

எழுத்தாளர்களின் பங்கை நாம் மறைக்கவில்லை. லூயிஸின் உரையைக் கேட்டு எழுந்த வேல்ஸ் மொழிக் கழகத்தின் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் சிறை புகுந்தார்கள்; அவர்கள் இல்லையெனில் அலைவரிசைக் கோரிக்கையே இவ்வளவு தூரம் வந்திராது. 1979இல் பென்காரெக் ஒளிபரப்புக் கோபுரத்துக்குள் புகுந்து அதை அணைத்தவர்கள் கவிஞர் பென்னர் டேவிஸும் விமர்சகர் நெட் தாமஸும் நாட்டுப்பாடல் அறிஞர் மெரெடித் எவன்ஸும். ஆனால் அந்த மொழிக் கழகம் பிறந்த இடம் எது? 1962இல் பிளைட் கம்ரி நடத்திய கோடைப் பள்ளி. லூயிஸின் விதையைத் தாங்கிய மண் எவன்ஸ் கட்டிக்காத்த, நம் நண்பர்கள் முகம் சுளிக்கும், அந்தக் கட்சிதான். அவ்வுரை அவரது மிதவாதத்தையும் சாடியது என்பது இதிலுள்ள நகைமுரண். அவர் கட்சியைத் தேர்தல் பாதையிலிருந்து விலக விடவில்லை. மொழிக் கழகத்தைத் தடுக்கவும் இல்லை. இரண்டும் தனித்தனியே நடந்ததால்தான் 1980இல் இரண்டும் சேர முடிந்தது.

குழுக்கூட்டம், துண்டறிக்கை, வாக்காளர் பட்டியல் என்றால் நம் இலக்கியவாதிகளுக்குக் குமட்டுகிறது. மொழிக்காகக் கண்ணீர் விடுவார்கள். மொழியின் பொருட்டு ஒரு மாவட்ட மன்றக் கூட்டத்தில் நான்கு மணி நேரம் உட்கார வேண்டுமென்றால் யாரேனும் கட்சிக்காரன் பார்த்துக்கொள்வான் என்பார்கள். பிறகு அந்தக் கட்சிக்காரனையே 'வெறும்' என்பார்கள்.

எவன்ஸ் 2005 ஏப்ரலில் தம் 92ஆம் வயதில் மறைந்தார். ட்ரவெரினுக்காக லிவர்ப்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கோரியது அதே ஆண்டு அக்டோபரில். எஸ்4சி தொடங்கிய மறு ஆண்டு, 1983இல், கார்மார்த்தனில் அவர் மீண்டும் வேட்பாளராக நின்றார். அலைவரிசை வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்தது. தேர்தலில் தோற்றார்.