ஊடுபுள்ளி

கணிப்பொறி வந்து கோலத்தைக் கெடுத்துவிட்டது என்று வருந்தும் அன்பர்கள் நம்மிடையே பலர். நாம் இதற்கு உடன்படவில்லை.

எங்கள் அச்சன்புதூர்ப் பக்கத்தில் மார்கழிக்கென்று எழுதிவைத்த பழைய கோல நோட்டைப் புரட்டினால், படத்தின் அருகே இப்படியொரு வரி இருக்கும்: "15 புள்ளி, 8 முடிய, ஊடுபுள்ளி." நடுவரிசையில் 15, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8 வரை, ஒவ்வொரு புள்ளியும் முந்தைய வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே. மொத்தம் 169 புள்ளிகள். படம் கிழிந்துபோனாலும் இவ்வரி இருந்தால் புள்ளிகளை மீண்டும் வைத்துவிடலாம்.

நிரல் எழுதிப் படம் வரைபவர் செய்வதும் இதுதான். 2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் தொடங்கிய 'பிராசசிங்', அதன் வழிவந்த 'பி5.ஜேஎஸ்' போன்ற நிரல் நூலகங்களில் கையால் கோடு இழுப்பதில்லை. எங்கே தொடங்குவது, எத்தனை முறை, எவ்வளவு திரும்புவது என்று விதியை எழுதுகிறோம். படம் அதிலிருந்து பிறக்கிறது.

இந்த உறவை முதலில் கண்டவர்கள் வெளிநாட்டார் அல்லர். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமனியும் ராணி சிரோமனியும், கமலா கிரிதிவாசனுடன் சேர்ந்து, 1974இல் கோலத்தையும் 'அணி இலக்கணங்களையும்' இணைத்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். சில விதிகளிலிருந்து எண்ணற்ற வடிவங்களைப் பிறப்பிப்பதற்கு அத்துறையினர் வைத்த பெயர் இலக்கணம் என்பதைக் கவனியுங்கள். தொல்காப்பியம் நடத்தும் நாம் இதைக் கண்டுகொள்ளாதது வியப்புதான்.

கோலத்துக்கு உண்மையான கேடு வாசலில் ஒட்டும் ஸ்டிக்கர். அது படத்தை மட்டும் வைத்துக்கொண்டு விதியை எறிந்துவிடுகிறது. சிக்குக்கோலத்தில் ஒரு வளைவு பிசகினால் இழை தொடங்கிய இடத்துக்குத் திரும்பாது. எங்கே பிசகியது என்று குனிந்து தேடுகிற அறிவு ஸ்டிக்கர் வாங்குபவருக்கு வேண்டியதில்லை. நிரல் எழுதுபவருக்கு வேண்டும்.

ஆனால் நம் கல்லூரிகளில் தமிழ்த்துறைக்கும் கணிப்பொறித்துறைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கோல நோட்டுகளோ பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றைத் திரட்டுவது தமிழ்த்துறையின் வேலை. முதற்பாடமாக வைப்பது மற்றவர்களின் வேலை. தமிழ்வழியில் படித்துவரும் மாணவி ஆங்கிலக் கட்டளைச் சொற்களைக் கண்டு மிரளலாம். வரிசைக்கு வரிசை அரை இடைவெளி தள்ளிப் புள்ளி வைக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.